தோலுக்குள் ஒரு முப்புரி

கோட்டுச்சேரிமேட்டிற்கு வருவோர் கடலைப் பார்க்கின்றனர். பார்க்கட்டும், பார்க்கத் தக்க கடல்தான். எனினும் ஒருமுறை கடலுக்கு முதுகு காட்டி நின்று கரையைப் பார்க்குமாறு வேண்டுகிறோம். மணல்மீது ஏற்றி நிறுத்திய படகு, கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து வார்த்தது. அதனருகே குவிந்து கிடக்கும் வலை நைலான். வலையைத் தாங்கும் கயிறு பாலிஎத்திலீன். மீனும் பனிக்கட்டியும் சுமக்கும் வெள்ளைப் பெட்டி தெர்மாகோல். வெயிலுக்கு மறைப்பாகக் கட்டிய நீலப் படுதாவும் அவ்வினமே. மரமும் பருத்தியும் சணலும் தேங்காய் நாரும் ஆண்டுவந்த கரையை, ஒரு கிழவரின் வாழ்நாளுக்குள் வேறொரு குலம் முழுமையாகக் கைப்பற்றிவிட்டது. முரசு முழங்கவில்லை, கோட்டை இடியவில்லை, ஆட்சி மட்டும் மாறிவிட்டது! காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி முடிந்த 1954 நவம்பர் முதல் நாளுக்கு வரலாற்று நூலில் இடமுண்டு. பருத்தி வலை விடைபெற்ற நாளுக்கு எந்த நூலிலும் இடமில்லை.

கரையை வென்ற அக்குலத்தின் பெயர் பலபடி. ஒரே கண்ணியைத் திரும்பத் திரும்ப முடிந்தால் வலை ஆவது போல, ஒரே சிறு மூலக்கூறு ஆயிரக்கணக்கில் கைகோத்து நின்றால் பலபடி ஆகும். கைகோக்கும் சிறியதற்கு ஒற்றைப்படி என்று பெயர். எத்திலீன் என்னும் வளி ஒற்றைப்படி. அது கோத்து நின்றால் பாலிஎத்திலீன் கயிறு. அவ்வளவே செய்தி. ஆனால் இந்த எளிய செய்தியை உலகம் ஏற்றுக்கொள்ள எவ்வளவு காலம் பிடித்தது, யாருடைய கைகள் அதைத் தொட்டன, யாருடைய கைகள் தொடாதவாறு தடுக்கப்பட்டன என்பதே நாம் இங்கே சொல்லப் புகும் வரலாறு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். பலபடி என்பது தொழிற்சாலையில் பிறந்த புதுப்பொருள் மட்டுமன்று. பருத்தி பலபடி. பட்டு பலபடி. நாம் உண்ணும் சோற்றில் உள்ள மாவுப்பொருள் பலபடி. மாட்டுத் தோலும் மனிதத் தோலும் பலபடியால் ஆனவை. பருத்தி வலை வைத்திருந்த நம் கடற்கரை முன்னோர் பலபடி அறிவியலின் பெயரை அறியாமல் அதன் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தனர். பருத்தி இழை சர்க்கரைக் கண்ணிகளால் ஆனது. கடல்நீரில் வாழும் நுண்ணுயிர்கள் அக்கண்ணிகளை அறுத்துத் தின்னும். ஆகவே மரப்பட்டையைப் பெரிய பானையில் காய்ச்சி, அதன் துவர்நீரில் வலையைத் தோய்த்து, மணலில் விரித்து உலர்த்தினர். ஒருமுறை செய்து விட்டுவிடும் வேலையன்று அது. வலை வாழும் காலமெல்லாம் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலை. கடலில் பாடுபட்டு வந்தவன் கரையிலும் வலைக்குப் பாடுபட்டான். அவன் மனைவியும் மக்களும் உடன் பாடுபட்டனர்.

நைலான் வந்ததும் அந்தப் பானை கவிழ்ந்தது. 1935ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்பவரின் ஆராய்ச்சிக் குழு தொடுத்த சங்கிலி அது. மனிதன் புதிதாகத் தொடுத்த அச்சங்கிலியை அறுக்கும் பல், கடல் நுண்ணுயிருக்கு வாய்க்கவில்லை. வலை அழுகவில்லை, நீரை மிகுதியாகக் குடித்துக் கனக்கவுமில்லை. 1957இல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் புது இழைகளைச் சோதித்து எது எவ்வகை வலைக்கு உகந்தது என்று வரையறுத்தது. பெண்கள் துவர்நீர்ப் பானையிலிருந்து விடுதலை பெற்றனர். இதை ஒரு சமூக மாற்றம் என்று நம் சீர்திருத்தக்காரர் எவரும் எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும்.

நம்மிடம் பள்ளியில் படித்துப் போன மாணவி ஒருத்தி, இப்போது வேதியியலில் பட்டம் பெறும் தறுவாயில் இருப்பவள், அண்மையில் ஒரு கேள்வி கேட்டாள். பல்கலைக் கழகத்தில் பலபடி ஆராய்ச்சிக் குழு என்று இருக்கிறதாமே, அதில் சேர்வது எப்படி என்றாள். வரலாறு படித்த ஆசிரியரிடம் வந்து வேதியியல் வழி கேட்கிறாளே என்று முதலில் வியந்தோம். பிறகு, அவளுக்கு வேறு யாரைத் தெரியும் என்று எண்ணிப் பார்த்தோம், வியப்பு அடங்கிற்று. விண்ணப்பத்தாளை நிரப்பி அனுப்பு என்று சொல்லியனுப்பலாம். அவ்விடை பொய்யன்று. ஆனால் முழு மெய்யும் அன்று. ஆராய்ச்சிக்கூடத்தின் வாயில் வேறு, கல்லூரியின் வாயில் வேறு. கல்லூரி வாயிலில் மதிப்பெண் கேட்பார்கள். ஆராய்ச்சிக்கூட வாயிலில் ஒரு மனிதரின் ஒப்புதலும் வேண்டும். அவ்வாயில் எப்படி அமைந்தது என்று அறிந்தவர்க்கே அதைத் தட்டும் துணிவு பிறக்கும்.

தொடக்கத்தில் அந்த அறிவியலுக்கே வாயிலில்லை. 1920இல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் என்னும் செர்மானியர், ரப்பரும் அதன் இனத்தனவும் மிக நீண்ட ஒரே மூலக்கூறுகள் என்று எழுதினார். அக்கால வேதியியல் பெரியோர் நகைத்தனர். சிறு மூலக்கூறுகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான் என்பது அவர்கள் கொள்கை. உமது ரப்பரை ஒழுங்காகத் தூய்மை செய்யும், அது படிகமாகிவிடும், பெரிய மூலக்கூறு என்னும் எண்ணத்தைக் கைவிடும் என்று பெயர்பெற்ற பேராசிரியர் ஒருவர் அவருக்கு அறிவுரை சொன்னதாகக் கூறுவர். பெரியோர் வாக்கு, முன்னோர் மரபு, கேள்வி கேட்காதே! சாத்திரம் நம் நாட்டில் மட்டும் விளையும் பயிர் என்று எண்ணுகிறவர்கள் இந்தக் கதையைப் படிக்க வேண்டும். ஸ்டாடிங்கர் வாதாடியதோடு நிற்கவில்லை. 1926 முதல் பிரைபர்க் பல்கலைக் கழகத்தில் மாணவரைச் சேர்த்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அளந்து காட்டினார். கரைசல் எவ்வளவு குழகுழப்பாக ஓடுகிறது என்பதிலிருந்து சங்கிலியின் நீளத்தை அளக்கும் வழி அவ்வாறு பிறந்தது. 1953இல் நோபல் பரிசு வந்தது. அப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது.

ஒருவர் தனித்திருந்து செய்ய முடியாத அறிவியல் இது என்பதைக் கருத வேண்டும். ஒருவர் சங்கிலியைத் தொடுக்க, ஒருவர் நீளத்தை அளக்க, ஒருவர் ஊடுகதிர் பாய்ச்சிப் படமெடுக்க, ஒருவர் இழுத்துப் பார்க்க வேண்டும். கரோதர்ஸ் குழுவில் சூலியன் ஹில் என்ற இளைஞர் 1930இல் உருகிய பலபடியை நூலாக இழுத்தார். அதை மேலும் மேலும் இழுத்தபோது நூல் அறுபடாமல் வலுப்பெற்றது. தாறுமாறாகக் கிடந்த சங்கிலிகள் இழுத்த திசையில் ஒழுங்காக அணிவகுத்ததே காரணம். நைலான் வலையின் வலிமை முழுவதும் அந்த இழுப்பில் இருக்கிறது.

குழுவில் சேர்தல் அறிவால் மட்டும் நடந்ததா? இல்லை. வியன்னாவில் பலபடி ஆராய்ச்சியில் புகழ் பெற்றிருந்த ஹெர்மன் மார்க்கை எடுத்துக்கொள்வோம். 1938இல் இட்லரின் படை ஆஸ்திரியாவில் நுழைந்தது. மார்க்கின் தந்தை யூதராய்ப் பிறந்தவர்; அக்குற்றத்திற்காக மகன் பதவி இழந்தார், சிறைப்பட்டார். வெளியே வந்ததும் தம் பொருளையெல்லாம் பிளாட்டினக் கம்பியாக மாற்றி, அக்கம்பியைச் சட்டை மாட்டும் கொக்கிகளாக வளைத்து, குடும்பத்தோடு எல்லை கடந்தார். 1940இல் நியூயார்க்கு நகரின் புரூக்ளின் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்தது. 1946இல் அங்கே அவர் அமைத்த பலபடி ஆராய்ச்சி நிலையத்தில் உலகின் பல நாட்டு மாணவர் வந்து சேர்ந்தனர். பிறப்பைக் கேட்டு ஒருவரை வெளியே தள்ளிய ஊர் ஓர் அறிவியலையே இழந்தது. பிறப்பைக் கேளாத ஊர் அதைப் பெற்றது. இதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

இனி நம் சென்னைக்கு வருவோம். இங்கே பலபடி அறிவியல் வளர்ந்த மனைகளுள் ஒன்று, ஊர் ஒதுக்கி வைத்திருந்த மனை. தோல் பதனிடும் தொழிலைத்தான் சொல்கிறோம்.

செத்த மாட்டின் தோலை உரித்தவனைச் சேரிக்கு அப்பால் நிறுத்தினார்கள். அவன் பதனிட்ட தோலில் செருப்பு தைத்துப் போட்டுக்கொண்டார்கள். பறை கட்டி முழக்கினார்கள். கமலைக்குத் தோல்சால் கட்டித் தண்ணீர் இறைத்தார்கள். தோல் வேண்டும், தோலைத் தொட்டவன் வேண்டாம்! ஆனால் அவன் செய்த வேலை என்ன? ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய துவர்நீரில் தோலை ஊறவைத்தான். துவர்ப்புச் சத்து தோலின் இழைகளுக்கிடையே புகுந்து ஒன்றோடொன்று பிணைத்தது. அழுகும் பொருள் அழுகாப் பொருள் ஆயிற்று. நம் கடற்கரையில் வலைக்குச் செய்ததற்கும் வாணியம்பாடியிலும் திண்டுக்கல்லிலும் தோலுக்குச் செய்ததற்கும் அடிப்படை உறவு உண்டு: இரண்டிலும் மரத்தின் துவர்ப்பு இயற்கைப் பலபடியைக் காத்தது. வலைஞனும் தோல் தொழிலாளியும் அறியாமலே ஒரு பள்ளி மாணாக்கர்.

1948இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பெற்றது. குண்டூர் மாவட்டத்து உழவர் குடும்பத்தில் பிறந்த நாயுடம்மா அமெரிக்காவில் லீகைப் பல்கலைக் கழகத்தில் ஆராய்ந்து பட்டம் பெற்று வந்து, 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநராக இருந்தார். ஆராய்ச்சிக்கூடத்தின் முடிவு பதனிடுவோரின் தொட்டிவரை போய்ச் சேர வேண்டும் என்பது அவர் கொள்கை. 1985 சூன் 23ஆம் நாள் கனிஷ்கா விமானம் வெடித்துக் கடலில் வீழ்ந்தபோது அவரும் மாண்டார்.

அந்நிறுவனத்தின் அண்டையில், கிண்டியில், சென்னைப் பல்கலைக் கழகத்தின் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம். 1952இல் அங்கே வந்தார் ஜி. என். இராமச்சந்திரன். வயது முப்பது. ஊடுகதிரால் மூலக்கூறுகளின் வடிவம் காண்பது அவர் கலை. எதை ஆராய்வது? சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் அறிஞர் பெர்னால், கொலாசனின் வடிவம் இன்னும் விளங்கவில்லை என்றார். கொலாசன் என்பது தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் நிறைந்திருக்கும் பலபடி. அண்டை வீட்டில் தோல் நிறுவனம் இருக்கப் பொருளுக்குப் பஞ்சமா? அங்கிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. இராமச்சந்திரனும் அவருடன் ஆய்ந்த கோபிநாத் கர்த்தாவும் படமெடுத்தனர், கணக்கிட்டனர், மாதிரி அமைத்தனர். 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழ் அவர்கள் கண்டதை வெளியிட்டது: கொலாசன் ஒற்றை இழையன்று, மூன்று சங்கிலிகள் சேர்ந்த திருகு. மறு ஆண்டில் அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறாக அமைவதைக் காட்டினர். இலண்டனிலும் கேம்பிரிட்சிலும் இருந்தோர் அணுப்பிணைப்புகளின் எண்ணிக்கையில் மாறுபட்டு வாதிட்டனர். அதில் திருத்தமும் வந்தது. மூன்று இழை என்பது நிலைத்தது.

மூன்று புரி முறுக்கிய கயிறு! வலைஞனுக்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டுவதில்லை. முப்புரி நூல் என்றால் சிலர் மார்பில் மட்டும் கிடக்கும் என்று எண்ணியிருந்த நாட்டில், இயற்கை தானே முறுக்கிய முப்புரி எல்லாருடைய தோலுக்குள்ளும் இருக்கிறது என்று ஓர் ஊடுகதிர்ப் படம் சொல்லிற்று. மேற்குலத்தானின் தோலில் நான்கு புரியில்லை. சேரியில் பிறந்தவன் தோலில் இரண்டு புரியில்லை. அவன் உரித்த மாட்டின் தோலிலும் மூன்றே. படம் எடுத்தவர்கள் அப்படிச் சொல்லக் கருதினார்களா என்று கேட்க வேண்டாம். அவர்கள் அணுக்களை எண்ணினார்கள். நாம் எண்ண வேண்டியதை நாம் எண்ணிக்கொள்கிறோம்.

ஆனால் இராமச்சந்திரன் கிண்டிக்கு வந்த விதத்தை நம் மாணவியின் கேள்வியோடு வைத்துப் பார்க்க வேண்டும். பேராசிரியர் பதவிக்குத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் முதலில் சர். சி. வி. இராமனை அழைத்தார். இராமன் தாம் வரவில்லை என்று மறுத்து, தம் மாணவரான இராமச்சந்திரனைச் சுட்டினார். தேர்வு நல்ல தேர்வு. அதன் பயனை உலகம் அறியும். எனினும் திறமை இருந்தால் போதாது, அதை அறிந்து எடுத்துச் சொல்ல ஓர் இராமன் இருக்க வேண்டும் என்பதே அக்கால வழக்கம். கோட்டுச்சேரிமேட்டுப் பெண்ணுக்காகப் பரிந்துரைக்க எந்த இராமன் இருக்கிறார்?

கிண்டியில் செயற்கைப் பலபடிக்கு வேர் ஊன்றியவர் எம். சாந்தப்பா. மான்செஸ்டரில் எவன்சு என்பவரின் குழுவில் அவர் பயின்றார். எவன்சு, சாந்தப்பா, யூரி என்ற மூவர் பெயரால் 1951இல் வெளிவந்த ஆய்வுரை, நீரில் கரைந்த இரும்பு அயனியின் மீது ஒளி பட்டால் பலபடியாக்கல் தொடங்குவதை விளக்கியது. அந்தக் கலையைச் சென்னைக்குக் கொணர்ந்து, ஒளியாலும் உலோக அயனிகளாலும் சங்கிலி தொடங்கும் விதத்தை ஆராய மாணவர் குழு ஒன்றை வளர்த்தார். 1967இல் பட்நாகர் பரிசு பெற்றார். பின்னர்த் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர். 1981 முதல் 1984 வரை சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தர். பல்கலைக் கழகத்திற்கும் தோல் நிறுவனத்திற்கும் இடையே இப்படி ஆட்கள் நடந்த பாதை தேய்ந்து அகன்றது. மாமரத்தில் ஒட்டுக் கட்டுவது போல, தோலின் கொலாசன் சங்கிலியில் செயற்கைச் சங்கிலியை ஒட்டவைக்கும் ஆராய்ச்சி அந்நிறுவனத்தில் நடந்தது. 1968இல் கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்பப் பயிற்சி நிலையமும் வந்தது. சிப்பெட் என்று இன்று நாடறிந்த பெயர். சென்னைப் பல்கலைக் கழகத்தின் கிண்டி வளாகத்தில் பலபடி அறிவியலுக்கென்றே ஒரு துறை இன்று இயங்குகிறது.

குழு என்பது ஒரு பரம்பரை. மான்செஸ்டர் ஆசிரியரின் மாணவர் சென்னையில் ஆசிரியராகிறார். அவர் மாணவர் இன்னோர் ஊரில் ஆசிரியராகிறார். குலப் பரம்பரை பிறப்பில் தொடங்கும். இப்பரம்பரை ஒரு கடிதத்தில் தொடங்கும். ஆகவேதான் இதை நாம் விரும்புகிறோம். ஆகவேதான் இதைக் கண்காணிக்கவும் வேண்டுமென்கிறோம். கடிதத்தில் தொடங்குவது நாளடைவில் அறிமுகத்தில் தொடங்கும். அறிமுகம் உறவில் முடியும். உறவு எதில் முடியும் என்பது இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும்.

1921இல் நீதிக் கட்சி ஆட்சி பிறப்பித்த வகுப்புரிமை ஆணையும் அதைத் தொடர்ந்தவையும் வேலையின் வாயிலையும் கல்லூரி வாயிலையும் தட்டின. 1951இல் உச்சநீதிமன்றம் கல்லூரி இடங்களில் அந்த ஆணை செல்லாதென்றது, தமிழகம் கொதித்தெழுந்தது, அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அவ்வாண்டிலேயே வந்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கு அந்த ஆணையும் இல்லை, அந்தக் கிளர்ச்சியின் பயனும் உடனே இல்லை. இங்கே வசதி படைத்தவன் புதுச்சேரிக்கும் அங்கிருந்து பிரான்சுக்கும் போய்ப் படித்தான். வலைஞன் மகன் வலைக்குப் போனான். மத்திய அரசின் உயர்கல்வி நிலையங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடம் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. மண்டபத்தின் வெளிவாயில், உள்வாயில், கருவறை என்று ஒவ்வொன்றாகத் திறந்துவர எண்பத்தைந்து ஆண்டுகள்!

இப்போது வாயில் எப்படி இருக்கிறது? முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். ஒடுக்கப்பட்டோருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் ஐந்து விழுக்காடு தளர்வு உண்டு. தேசியத் தகுதித் தேர்வு எழுதி இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாய். 2023 சனவரி முதல் நடப்பிலுள்ள தொகை அது. இரண்டாண்டு கழித்து முதுநிலை ஆனால் 42,000. எல்லாம் சேர்த்து ஐந்தாண்டு. கடலில் போட்ட முதலுக்கு இவ்வளவு உறுதியான வரவை நம் ஊரில் எவரும் கண்டதில்லை என்பதை மாணவியின் தந்தைக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். உதவித்தொகை கையில் இருப்பவரைக் குழுவில் சேர்க்கப் பேராசிரியர் தயங்கமாட்டார். அவளுக்காக அவர் பணம் தேட வேண்டியதில்லை அன்றோ? அத்தொகைக்குத் தேறாமல் தகுதி மட்டும் பெற்றவருக்கு, 2024இல் வந்த விதிப்படி, தேர்வு மதிப்பெண்ணுக்கு 70 பங்கு, நேர்காணலுக்கு 30 பங்கு.

அந்த முப்பதில்தான் நம் கண் நிற்கிறது. எழுபதை எழுதுகோல் வெல்லும். முப்பதை வெல்ல, எதிரே அமர்ந்திருப்போர் முன் ஆங்கிலத்தில் பேச வேண்டும். முகம் பார்த்து ஊர் கேட்கும் கண்களைக் கடக்க வேண்டும். கடற்கரைத் தமிழின் ஓசை நாவிலிருக்கும் பெண், விடை தெரிந்தும் வாயடைத்து நிற்பாள். எல்லாப் பேராசிரியரும் அப்படியல்லர். நல்லாசிரியர் பலர் உண்டு. ஆனால் நல்லவர் எதிரே அமர்வார் என்ற நம்பிக்கையின்மேல் ஒரு சமூகம் தன் பிள்ளைகளை அனுப்ப முடியாது. ஆகவே அவளுக்கு நாம் சொன்னது இதுதான்: சேர விரும்பும் குழு அண்மையில் வெளியிட்ட ஆய்வுரைகள் மூன்றையாவது தேடிப் படி, விளங்காத இடத்தைக் குறித்துவை, அதைப் பற்றியே அப்பேராசிரியருக்குக் கடிதம் எழுது. ஊரும் பேரும் கடைசி வரியில் வந்தால் போதும். கேள்வி முதல் வரியில் வரட்டும்.

கேள்விக்கு அவள் எங்கும் போக வேண்டாம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை விழுங்கியபின், கட்டுமரம் இருந்த இடங்களில் பைபர் படகுகள் பெருகின. அப்படகின் உடைப்பை ஒட்டும் இளைஞரைக் கரையில் காணலாம். ரெசின் என்கிறார்கள், கேட்டலிஸ்ட் என்கிறார்கள், ஆக்சிலரேட்டர் என்கிறார்கள். கேட்டலிஸ்ட்டையும் ஆக்சிலரேட்டரையும் நேராகக் கலந்தால் வெடிக்கும் என்பதை அறிந்து, ஒன்றை ரெசினில் கரைத்தபின்னரே மற்றொன்றை ஊற்றுகிறார்கள். கிண்ணம் சூடேறுவதைக் கையால் தொட்டுப் பார்த்து எத்தனை நிமிடத்தில் இறுகும் என்று சொல்கிறார்கள். நடப்பது என்ன? கோபால்ட்டு அயனி பெராக்சைடை உடைத்துத் தனி உறுப்பை உண்டாக்குகிறது. தனி உறுப்பு சங்கிலியைத் தொடங்கிவைக்கிறது. உலோக அயனி சங்கிலியைத் தொடங்கும் விதம்! சாந்தப்பாவின் குழு கிண்டியில் கண்ணாடிக் குடுவைக்குள் ஆராய்ந்த அதே இனத்து வினை, இங்கே கோடை வெயிலில் கிழிந்த வாளிக்குள் நடக்கிறது. அந்த இளைஞர்களில் ஒருவரையேனும் எவரும் மாணவர் என்று அழைத்ததில்லை.

தமிழகத்தில் இப்படித் தெருவிலிருந்து கேள்வியை எடுத்தவர் இல்லாமலில்லை. மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன், குப்பையில் கிடந்த பிளாஸ்டிக்கைச் சூடான சல்லிமேல் பூசித் தாருடன் கலந்து சாலை போடும் வழி கண்டார். 2018இல் பத்மஸ்ரீ வந்தது. குப்பை பொறுக்குவோர் கையில் இருந்த பொருள்தான் அது.

கடலடியில் கிடக்கும் கேள்வி இன்னும் பெரியது. அறுந்துபோன நைலான் வலை அழுகுவதில்லை என்று மேலே புகழ்ந்தோம். அந்தப் புகழே இப்போது பழியாகி நிற்கிறது. கடலில் தொலைந்த வலை பல பத்தாண்டுகள் அங்கேயே நின்று, எடுப்பார் இல்லாமல் மீனைப் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கிறது; நண்டும் ஆமையும் மாட்டிக்கொள்கின்றன. அதற்குப் பேய்வலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பேயை நம்பாத நாமும் அஞ்ச வேண்டிய பேய் இது ஒன்றுதான். பருத்தி வலை அழுகியது குற்றம் என்றோம். நைலான் வலை அழுகாதது குற்றமாயிற்று. வேண்டியது, மீனவன் கையில் இருக்கும்வரை உறுதியாக இருந்து, தொலைந்தபின் நுண்ணுயிருக்கு இரையாகும் இழை. தென் கொரியாவில் பாலிபியூட்டிலீன் சக்சினேட் என்னும் பலபடியில் அத்தகைய வலை செய்து கடலில் இட்டனர். நார்வேயில் ஆராய்ந்தபோது அதில் நைலானைவிடக் குறைவாகவே மீன் பட்டது. இழையின் வலிமையா, விறைப்பா, நனைந்தபின் முடிச்சு பிடிக்கும் விதமா, எது காரணம் என்று ஆய்வாளர் கருவியில் பூட்டி இழுத்து அளக்கின்றனர். கோட்டுச்சேரிமேட்டில் புது வலை வந்திறங்கினால், பெரியவர் ஒருவர் ஒரு முழம் நூலை நனைத்து, முடிச்சிட்டு, இரு கையாலும் சுண்டி இழுத்துப் பார்த்து, கொள்ளலாம் அல்லது வேண்டாம் என்று சொல்வார். எதை வைத்துச் சொல்கிறார் என்று இதுவரை எந்தக் குழுவும் வந்து கேட்டு எழுதிக்கொண்டதாக இவ்வூரில் எவரும் சொல்லக் கேட்டதில்லை.